கடல் படமும் கிராப்பும்: மதுரையிலிருந்து கடற்கரைக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். ராத்திரி ஒன்றரை மணிக்குக் கிளம்பினால் விடியும்போது கரையில் நிற்கலாம். அப்படித் தூக்கத்தை விட்டு எடுத்து வந்த படங்களைத் திரையில் போட்டதும் அடிவானம் சாய்ந்திருக்கும், படகு பாதியில் வெட்டுப்பட்டிருக்கும், சூரியன் கடுகளவு இருக்கும். "கிராப்பில் பார்த்துக்கொள்ளலாம்" என்று மனம் சொல்லும். சிலவற்றை நிச்சயம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கிராப் ஓரங்களை வெட்டும், அவ்வளவுதான். படகையும் ஆளையும் அடிவானத்தையும் இடம் மாற்றாது. எதை மணலில் நின்றே முடிக்க வேண்டும், எதைக் கிராப்புக்கு விடலாம் என்பதைத்தான் கீழே உள்ள பதில்கள் பிரித்துச் சொல்கின்றன. கணக்குகளுக்கு முழு அளவு (ஃபுல் ஃபிரேம்) சென்சார் கொண்ட 24 மெகாபிக்சல் கேமரா, அதாவது 6000 × 4000 பிக்சல் படம், எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது.

அடிவானத்தை எங்கே வைப்பது? மூன்றில் ஒரு பங்கு விதி கட்டாயமா?

அடிவானத்தை மேலிருந்தோ கீழிருந்தோ மூன்றில் ஒரு பங்கில் வைக்கச் சொல்லும் விதி அது. கட்டாயமில்லை. வானத்தில் மேகம் இருக்கிறதா, தரையில் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மேகம் அடுக்கடுக்காக வரும். அப்போது அடிவானத்தைக் கீழே இறக்கி வானத்துக்கு முக்கால் பங்குகூடக் கொடுக்கலாம். சித்திரை, வைகாசியில் வானம் வெளுத்து வெறுமையாகக் கிடக்கும். அடிவானத்தை மேல் ஓரத்துக்கு அருகே ஏற்றி, மணலுக்கும் தண்ணீருக்கும் இடம் கொடுங்கள். பாக் நீரிணைப் பக்கம் கடல் கண்ணாடி மாதிரி கிடந்து மேகத்தின் பிம்பம் முழுசாக விழுந்தால், அடிவானம் நட்ட நடுவில் இருப்பதே சரி.

கையில் கேமரா இருக்கும்போதே மூன்று விதமாகவும் எடுத்துவிடுங்கள். நடுவில் வைத்து எடுத்த படத்தைக் கிராப் செய்து கீழே இறக்கலாமே என்றால், இறக்கலாம். ஆனால் அடியில் வெட்டுப்படுவது பெரும்பாலும் நல்ல முன்புலமாகத்தான் இருக்கும்.

அடிவானம் சாய்ந்துவிடுகிறது. எடிட்டிங்கில் நேராக்கினால் எவ்வளவு இழப்பு?

1 டிகிரி சாய்வு சின்னதாகத் தெரியும். ஆனால் 6000 பிக்சல் அகலத்தில் கடல் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குள் 105 பிக்சல் இறங்கிவிடும். கண் அதை உடனே பிடித்துவிடும். தண்ணீர் ஒழுகுகிற மாதிரி இருக்கும். அதே 3:2 வடிவத்தை வைத்துக்கொண்டு நேராக்கினால் மிஞ்சுவது சுமார் 5850 × 3900. பரப்பில் 5 சதவீதம் போகும். 3 டிகிரி சாய்வு என்றால் 14 சதவீதம் போகும். பிக்சல் போவதைவிடக் கொடுமை, ஓரத்தில் அளந்து வைத்த பாறையும் படகின் மூக்கும் வெட்டுப்படுவது. அதனால் நான்கு ஓரத்திலும் ஒரு விரல் அகலம் இடம் விட்டே எடுங்கள். கேமராவுக்குள் இருக்கும் மின்னணு மட்டத்தைப் போட்டுவையுங்கள். ட்ரைபாட் மணலில் நின்றால், ஒவ்வொரு அலை வந்து போன பிறகும் மட்டத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும். கால் மூன்றும் ஒரே அளவில் புதையாது.

இன்னொரு ஏமாற்று வேலை உண்டு. கரைக்கோடு அடிவானம் ஆகாது. வளைகுடாவில் எதிர்க்கரை உங்களை விட்டு விலகிப் போகும்போது சாய்வாகத்தான் தெரியும்; அதை நேராக்கினால் படகுகள் சாய்ந்துவிடும். இதை மதுரையிலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் ஒரு மூலையில் நின்று எடுங்கள். எதிர்ச் சுவர்கள் இரண்டும் இரண்டு பக்கமும் சாய்ந்து ஓடும். மைய மண்டபத்தின் தூண்கள் மட்டும் உண்மையைச் சொல்லும். தண்ணீரின் கோட்டை விட்டுவிட்டுத் தூணை வைத்து நேராக்கப் பழகினால், பிறகு எந்தக் கரையிலும் குழப்பம் வராது.

சாயவில்லை, வளைகிறது. ஏன்?

வைட் லென்ஸின் குணம். அடிவானம் படத்தின் நடுவே போனால் வளையாது. மேலேயோ கீழேயோ போகப் போக வில் மாதிரி வளையும். எடிட்டிங்கில் அந்த லென்ஸுக்கான திருத்தத்தை முதலில் போட்டுவிட்டு, அதன் பிறகு நேராக்குங்கள். முறை மாறினால் இரண்டு தடவை வேலை.

ஆளை எடுத்தால் கழுத்தில் கோடு போட்ட மாதிரி கடல் போகிறது. எப்படித் தவிர்ப்பது?

கடற்கரைப் படத்தில் மிக முக்கியமான கேள்வி இதுதான். கிராப்பால் இதைத் துளியும் சரிசெய்ய முடியாது.

மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: கடலின் அடிவானம் எப்போதும் உங்கள் லென்ஸின் உயரத்தில் இருக்கும். சமதளத்தில் லென்ஸ் 1.4 மீட்டர் உயரத்தில் இருந்தால், படத்தில் உள்ள எல்லாப் பொருளையும் அடிவானம் 1.4 மீட்டர் உயரத்தில் வெட்டும். ஐந்தரை அடி ஆளுக்கு அது கழுத்து. பக்கத்தில் நின்றாலும் நூறடி தள்ளி நின்றாலும் கழுத்துதான். ஜூம் செய்தாலும் மாறாது.

மாற்ற வேண்டியது உயரத்தை. இடுப்பளவுக்கு, சுமார் 90 சென்டிமீட்டருக்கு இறக்கினால் ஆளின் மேல்பாதி வானத்தில் தனியாக நிற்கும். விடியற்கால நிழலுருவப் படத்துக்கு இதுதான் வேண்டும். மாறாக ஆள் முழுவதும் கடலுக்குள் அடங்க வேண்டுமென்றால், லென்ஸ் அவர் தலையைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு மணல்மேட்டில் ஏறினால் போதும்.

கரை சரிந்து இறங்குவதையும் கணக்கில் சேருங்கள். தண்ணீர் ஓரம் நிற்பவர் உங்களைவிட அரை மீட்டர் தாழ்வாக இருந்தால், நீங்கள் நின்றபடி 1.5 மீட்டரில் எடுக்கும்போது கோடு அவருக்கு 2 மீட்டரில் போகும். தலைக்கு மேலே கோடு, முகம் கடலின் இருட்டில். இப்போது உட்கார்ந்தால் சரியாகிவிடும்.

கரையேற்றி வைத்த வள்ளத்துக்கும் இதே கணக்குதான். அதன் விளிம்பு 1 மீட்டர் உயரம் என்றால், லென்ஸ் 1 மீட்டரில் இருக்கும்போது விளிம்பும் அடிவானமும் ஒட்டிக்கொள்ளும். படகு கடலில் பிசின் போட்டு ஒட்டிய மாதிரித் தெரியும். 40 சென்டிமீட்டர் ஏற்றுங்கள், அல்லது இறக்குங்கள். இரண்டு படகுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் உயரத்தை விட்டுவிட்டு இடப்பக்கமோ வலப்பக்கமோ இரண்டு எட்டு நகருங்கள். இடையில் கீற்றாகத் தண்ணீர் தெரிந்தாலே பிரிந்துவிடும்.

முன்புலத்தில் வெறும் மணல்தான் இருக்கிறது. என்ன வைப்பது?

மணலே நல்ல முன்புலம். வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும், அவ்வளவுதான். சூரியன் எழுந்த முதல் அரைமணி நேரத்தில் காற்று வரைந்த வரிகள் ஒவ்வொன்றுக்கும் நிழல் இருக்கும். எட்டு மணிக்கு எல்லாம் மட்டமாகிவிடும். உங்கள் காலடித் தடம் முன்னால் விழாமல் சுற்றிப் போங்கள்.

தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுக்கும் நாளில் கயிறு கடலுக்குள் ஓடும். அதைப் போல அழைத்துச் செல்லும் கோடு வேறில்லை. கயிறு சட்டத்தின் மூலைக்குள் சரியாக நுழைந்தால் பார்வை வெளியே ஓடிவிடும். மூலைக்குச் சற்றுத் தள்ளிக் கீழ் ஓரத்தில் நுழையுமாறு வையுங்கள். கயிறு எங்கே போய் முடிகிறதோ அங்கே ஒரு ஆளோ மிதவையோ இருக்கட்டும். முடிவில் ஒன்றுமில்லாத கோடு ஏமாற்றம்.

கூர்மைக்கு: 24 மி.மீ. லென்ஸில் துளை அளவை (அப்பர்ச்சர்) எஃப் 11-இல் வைத்தால், 1.75 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்யும்போது சுமார் 90 சென்டிமீட்டரிலிருந்து அடிவானம் வரை ஏற்கத்தக்க கூர்மை இருக்கும். அந்தத் தூரத்தை நினைவில் வைக்க முடியாவிட்டால், படத்தில் மிக அருகே இருக்கும் பொருளின் தூரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்தில் ஃபோகஸ் செய்யுங்கள். எஃப் 22 வரை போகாதீர்கள். மொத்தப் படமும் மழுங்கும்.

தனுஷ்கோடி தேவாலயச் சுவர்கள் பின்னால் சாய்ந்து விழுகிற மாதிரி வருகின்றன.

1964 டிசம்பர் 22-23 இரவுப் புயலில் எஞ்சிய சுவர்கள் அவை. பவளப்பாறைக் கற்கள் துளைத்துளையாகத் தெரியும் அந்தச் சுவரை முழுசாகப் பிடிக்கக் கேமராவை அண்ணாந்து வைப்பதால்தான் சாய்கிறது. குனிந்து வைத்தால் எதிர்ப்பக்கம் விரியும்.

கேமராவைச் சரிமட்டமாக வைத்தால் சுவர் நேராக நிற்கும். அப்போது அடிவானம் தானாகவே சட்டத்தின் நடுவுக்கு வந்துவிடும். அதைப் பிறகு கிராப்பில் நகர்த்திக்கொள்ளலாம். கிராப் உண்மையாக உதவும் இடம் இதுதான். கட்டடத்துக்கு வானம் வேண்டுமென்றால் கீழே வெட்ட வேண்டும்: 6000 × 4000 படத்தில் அடியில் 1000 பிக்சலை எடுத்தால் 6000 × 3000 மிஞ்சும், அடிவானம் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் வந்து நிற்கும். அகலத்தையும் குறைத்து 3:2 ஆக்கினால் 4500 × 3000. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்திருந்தால் அடியில் 1500 போய் 4000 × 4500 கிடைக்கும். ஆகவே தேவையைவிட அகலமான லென்ஸில், இரண்டடி பின்னால் தள்ளி நின்று எடுங்கள். சுவரின் உச்சிக்கு மேலே கட்டாயம் வானம் மிஞ்ச வேண்டும்.

எடிட்டிங்கில் சாய்வைத் திருத்தும் கருவி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, 2-3 டிகிரி வரை நன்றாகவே செய்யும். அதற்கு மேல் இழுத்தால் மேல்பகுதி நீண்டு, ஓரங்கள் முக்கோணமாகக் காலியாகும்.

அலை எப்படித் தெரிய வேண்டும்? ஷட்டர் ஸ்பீடு எவ்வளவு?

ராமேஸ்வரம் பக்கம் அமைதியான வடகடலைப் பெண் கடல் என்றும் அலையடிக்கும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். அமைப்புக்கும் இந்தப் பிரிவு பயன்படும். பிம்பம், படகு, நீண்ட நேரத் திறப்பு என்றால் வடக்கு. நுரை, வேகம், கோடுகள் என்றால் தெற்கு. வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடக்கும் கொந்தளிக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

அலை வரும்போது எடுப்பதைவிட, திரும்பும்போது எடுப்பது நல்லது. நுரை மணலில் வெள்ளை நரம்புகளாக இழுபடும். அந்த நரம்புகளே முன்புலக் கோடுகள். 1/4 முதல் 1 நொடி வரை போதும். 1/60 நொடி வரும் வெளிச்சத்தில், ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டரை ஆறு ஸ்டாப் அளவில் (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும்) போட்டால் ஏறத்தாழ 1 நொடி கிடைக்கும். பத்து ஸ்டாப் போட்டால் 17 நொடி. 17 நொடியில் அலை பனியாகிவிடும், நங்கூரத்தில் ஆடும் படகும் மங்கிவிடும். படகு இருந்தால் நீண்ட திறப்பு வேண்டாம். அலை தெறிப்பதை உறையவைக்க 1/1000.

நுரைக் கோடுகள் எங்கே விழும் என்று முன்கூட்டி அளக்க முடியாது. அதனால் அலைப் படத்தில் கீழ் ஓரத்தைக் கொஞ்சம் தாராளமாக விடுங்கள். எந்த வளைவில் வெட்டுவது என்று பிறகு முடிவு செய்யலாம். அலைக்கு முதுகைக் காட்டாதீர்கள். தனுஷ்கோடியின் கோடியில் இருக்கும் அரிச்சல்முனையில் நீரோட்டம் பொல்லாதது, படத்துக்காகக்கூடத் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

சூரியன் ஏன் இவ்வளவு சின்னதாக வருகிறது? கிராப் செய்து பெரிதாக்கலாமா?

வானில் சூரியனின் அகலம் அரை டிகிரிதான். 16 மி.மீ. லென்ஸில் அது சுமார் 25 பிக்சல், 200 மி.மீ. லென்ஸில் சுமார் 300 பிக்சல், சட்டத்தின் அகலத்தில் 20-இல் ஒரு பங்கு. 25 பிக்சலை எவ்வளவு வெட்டினாலும் அது 25 பிக்சல்தான். பெரிய சூரியன் வேண்டுமென்றால் பெரிய லென்ஸ் வேண்டும். படகோ ஆளோ உங்களிடமிருந்து நூறு, இருநூறு மீட்டர் தள்ளியும் இருக்க வேண்டும்.

கூடவே ஒன்று. நம் பக்கம் சூரியன் உதிக்கும் இடம் ஜூனில் நேர்கிழக்கிலிருந்து 23-24 டிகிரி வடக்கே, டிசம்பரில் அதே அளவு தெற்கே. மொத்த நகர்வு 24 மி.மீ. லென்ஸ் சட்டத்தின் அகலத்தில் பாதிக்கு மேல். யாரோ ஜூனில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு மார்கழியில் போய் அதே இடத்தில் நின்றால் சூரியன் அங்கே இருக்காது. திசைகாட்டும் செயலியில் தேதியைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தனுஷ்கோடிச் சாலையில் இரவில் போக விடமாட்டார்கள் என்பதால், பொழுது புலரும் முன் நீல வெளிச்சம் வேண்டுமென்றால் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையோ ஓலைக்குடாவோதான்.

பாம்பனில் எதைச் சட்டத்துக்குள் வைப்பது?

2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி 72.5 மீட்டர் நீளம். அதன் கோபுரங்கள் செங்குத்தானவை, பாலம் படுக்கையானது. முழுப் பாலத்தையும் பிடிக்க ஆசைப்பட்டால் மெல்லிய கோடு ஒன்றும் ஏராளமான வானமும்தான் கிடைக்கும். 2:1 அல்லது 3:1 என்று நீளமாக வெட்டத் திட்டமிட்டு எடுங்கள்: 6000 × 3000 அல்லது 6000 × 2000. இல்லையென்றால் கோபுரத்தை மட்டும் செங்குத்தாக, கீழே தண்ணீரோடு. சாலைப் பாலத்தில் வண்டி போகும்போது தரை அதிரும். அங்கே 1/250-க்குக் குறைய வேண்டாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கட்டிக்கிடக்கும். நூறு படகை ஒரே படத்தில் அடைக்காமல், நீண்ட லென்ஸில் மூன்று நான்கு அணியங்களை (படகின் மூக்குகளை) மட்டும் பிரித்தெடுங்கள்.

பிரிண்ட் போடும்போது லேபில் தலையை வெட்டிவிடுகிறார்கள்.

வேண்டுமென்று வெட்டுவதில்லை, தாளின் வடிவம் வேறு, படத்தின் வடிவம் வேறு. 4 × 6, 8 × 12, 12 × 18 எல்லாம் 2:3. கேமராப் படம் அப்படியே உட்காரும். 8 × 10, 12 × 15, 16 × 20 எல்லாம் 4:5. 6000 × 4000 படம் 5000 × 4000 ஆக வேண்டும், அகலத்தில் ஆறில் ஒரு பங்கு போகும். 6 × 8 என்பது 3:4, மொபைல் படத்துக்குப் பொருந்தும். சொல்லாமல் ஃபைலைக் கொடுத்தால் இரண்டு பக்கமும் சமமாக வெட்டித் தாளை நிரப்புவார்கள். இடது ஓரத்தில் நீங்கள் வைத்த படகு போய்விடும். அளவைக் கேட்டு, நீங்களே கிராப் செய்து கொடுங்கள்.

பிரேம் போட்டால் ஒவ்வொரு ஓரத்திலும் கால் அங்குலம் மறையும். கேன்வாஸ் என்றால் மரச்சட்டத்தைச் சுற்றி மடிக்க ஒன்றரை, இரண்டு அங்குலம் வேண்டும். மடிப்புக்குள் மணலும் வானமும் போகலாம், படகின் மூக்கு போகக்கூடாது.

எவ்வளவு வரை கிராப் செய்யலாம்?

அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் 12 × 18-க்கு 5400 × 3600 வேண்டும். அதாவது நீளத்தில் பத்தில் ஒரு பங்குதான் வெட்ட இடம். 240 பிக்சல் போதும் என்றால் 4320 × 2880 வரை இறங்கலாம். சுவரில் மாட்டி நாலடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு இது தாராளம். வாட்ஸ்அப்பில் அனுப்ப மட்டும் என்றால் பாதியை வெட்டினாலும் தெரியாது. ஆனால் கிராப் செய்த படத்தில் ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு அளவு) ஏற்றினால் வரும் புள்ளிகளும் லென்ஸில் ஒட்டிய உப்புத்துளியின் கறையும் பெரிதாகும். ட்ரைபாட் இருந்தால் ஐஎஸ்ஓ 100-இலேயே நில்லுங்கள்.

மொபைலில் எடுக்கிறேன். இதெல்லாம் பொருந்துமா?

உயரக் கணக்கு, சாய்வு, படகைப் பிரிப்பது எல்லாம் அப்படியே பொருந்தும். கட்டக் கோடுகளைப் போட்டுவையுங்கள். தனி ஜூம் லென்ஸ் இல்லாத மொபைலில் 2 மடங்கு ஜூம் என்பது கிராப்தான்: 12 மெகாபிக்சல் 3 ஆகிவிடும், 5 × 7 பிரிண்டுக்கே இழுபறி. அதனால் ஜூம் செய்யாமல் நடங்கள். ஸ்டேட்டஸுக்கு 9:16 வேண்டும்; செங்குத்தாக எடுத்த 3000 × 4000 படத்தில் அகலம் 2250 ஆகக் குறையும். இரண்டு ஓரத்திலும் முக்கியமானது எதையும் வைக்காதீர்கள். நண்பருக்கு முழுத் தரத்தில் அனுப்ப, டாக்குமென்டாக அனுப்புங்கள்.

ஓரத்தில் பிளாஸ்டிக் பை, பாதி ஆள், யாரோ ஒருவரின் கை. வெட்டலாமா, அழிக்கலாமா?

எடுக்கும் முன் நான்கு ஓரத்தையும் ஒரு சுற்றுப் பாருங்கள். இரண்டு நொடி ஆகும். பையைக் கையால் எடுத்துவிட்டால் கரைக்கும் நல்லது. தப்பித்து வந்துவிட்டால் ஓரத்தை வெட்டுவதுதான் முதல் வழி. வெட்டினால் அமைப்பு கெடும் என்றால் மட்டும் அழிக்கும் கருவி. மணல்மேல் அழித்தால் தெரியாது, அலை நுரைமேல் அழித்தால் ஒட்டுப்போட்டது தெரியும். ஆளை முழங்காலிலோ மணிக்கட்டிலோ வெட்டாதீர்கள். முழுசாக வையுங்கள், இல்லையென்றால் முழுசாக நீக்குங்கள்.

வலை இழுப்பவர்களை எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். "அண்ணே, வலை இழுக்குறதை ஒரு போட்டோ எடுத்துக்கிடட்டுமா?" என்றால் பெரும்பாலும் தலையசைப்பார்கள். கயிற்றைத் தாண்டிக் குதிக்காதீர்கள். இழுவிசையில் இருக்கும் கயிறு ஆளை வாரிவிடும். தூரத்தில் நிழலுருவாக, முகம் தெரியாமல் எடுப்பதானாலும் முதலில் ஒரு வார்த்தை.

எடிட்டிங்கில் எந்த வரிசையில் செய்வது?

லென்ஸ் திருத்தம், அடிவானம் நேராக்கல், சுவர்ச் சாய்வு, கிராப், பிறகு நிறமும் வெளிச்சமும், அதன் பிறகு அழிக்க வேண்டியவை, கடைசியில் பிரிண்ட் அளவுக்கேற்பக் கூர்மை. ரா ஃபைலில் (கேமரா பதிந்த மூலத் தரவு) செய்தால் கிராப்பை எப்போது வேண்டுமானாலும் திறந்து மாற்றலாம். ஜேபெக்கில் அசல் மேல் சேமித்துவிட்டால் வெட்டியது போனதுதான். அசலைத் தொடாமல் பிரதியில் வேலை செய்யுங்கள். கிராப் செய்த படத்தை ஒருமுறை இடம்வலமாகத் திருப்பிப் பாருங்கள். பழகிய கண்ணுக்குத் தப்பிய சாய்வும் ஒருபக்கக் கனமும் அப்போது பளிச்சென்று தெரியும். பார்த்ததும் மறக்காமல் பழையபடி திருப்பிவிடுங்கள், இல்லையென்றால் படகில் எழுதியிருக்கும் பெயரும் எண்ணும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாறிவிடும்.